மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை

பூவிற்கு மணமுண்டென்று எவரும் முரசறைந்து சொல்ல வேண்டுவதில்லை. அருகே செல்வார் தாமே அறிவர். ஒருவனிடத்துள்ள தெய்வ பக்தியும் அத்தகையதே. அது மெய்யாயின், அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்வோரும், அவன் கீழ் ஊழியம் புரிவோரும், அவன் வாயிலில் பசித்து நிற்போரும் அவன் சொல்லாமலே அதனை உணர்வர். பொய்யாயின், அவன் எத்துணைச் சொல்லினும் அவர்கள் நம்பார். இவ்வுண்மைக்குச் சான்றாக நின்ற பெரியார் ஒருவரின் சரிதையை இம்மாதம் நம் நேயர்கட்கு எழுத விழைகின்றோம். அதற்குக் காரணமும் உண்டு.

சில திங்களுக்கு முன் நம் சங்கத்தார் மதுக்கரையிற் கூடியிருந்தபொழுது ஒரு வினா எழுந்தது. வேளாண் மரபினராகிய நம்முள் சிவாலயத்திற்கும் பெருமாள் கோயிலுக்கும் செல்வோர் பலர். கிறிஸ்தவ ஆலயத்திற்குச் செல்லும் குடும்பங்கள் சில. அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த இளைஞரொருவர், தாம் அறிந்த தெய்வத்தைத் தம் உறவினரும் காணுமாறு செய்தல் தம் கடமையன்றோ என்றும், அதனைச் செய்யும் வழி யாதென்றும் கேட்டார். அது கேட்ட முதியவரொருவர் முகஞ்சுளித்து, மதப் பேச்சு இவ்விடத்திற்கு ஆகாதென்று கடிந்துரைத்தார். இளைஞர் கேட்டது தவறன்று. முதியவர் அஞ்சியதும் காரணமின்றியன்று. ஆயினும் இருவரும் மனம் வருந்தியே வீடு திரும்பினர். அவ்விளைஞரை அதன்பின் நடந்த இரண்டு கூட்டங்களிலும் நாம் காணவில்லை.

அவ்வினாவிற்கு நாம் புதிதாக ஒரு விடை தேட வேண்டுவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்பே சோழநாட்டில் ஒருவர் அதற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்து சென்றிருக்கின்றார். அவர்தாம் மாயூரம் முனிசீப் என நாடெங்கும் பெயர்பெற்ற வேதநாயகம் பிள்ளை அவர்கள்.

வேதநாயகர் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரிற் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். வேளாளர் மரபில் வந்த கத்தோலிக்கக் கிறிஸ்தவக் குடும்பம் அது. தமிழ் மரபும் கிறிஸ்து சமயமும் ஒரே கூரையின்கீழ்ப் பகையின்றி வாழக்கூடுமென்பதை அவர் நூல்களிற் படித்து அறியவில்லை. தாயின் மடியிலிருந்தே அறிந்தார் என்னலாம்.

இளமையில் அவர்க்குத் தமிழும் ஆங்கிலமும் கற்பித்தவர், திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராயிருந்த தியாகராய பிள்ளை என்பார். உத்தியோகத்திற்கு ஆங்கிலமும் உள்ளத்திற்குத் தமிழும் என இரண்டையும் வேதநாயகர் ஊன்றிக் கற்றார். ஆங்கிலம் கற்றோர் தமிழை மறப்பது அக்காலத்து வழக்கமாகத் தொடங்கியிருந்தது. அவ்வழக்கம் அவரைத் தீண்டவில்லை. நீதிமன்றத்தில் ஆவணங்களைக் காக்கும் பணியில் 1848-ஆம் ஆண்டு அமர்ந்த அவர், பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, 1857-இல் தரங்கம்பாடியில் முனிசீப் ஆனார். டேனியர் வசமிருந்த தரங்கம்பாடி ஆங்கிலேயர் கைக்கு வந்து அப்பொழுது பன்னிரண்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. அங்கிருந்து சீகாழிக்கும், பின்பு மாயூரத்திற்கும் மாற்றப்பெற்றார். மாயூரம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

முனிசீப் நீதிமன்றம் என்பது இன்னதென நம் இளைஞர் அறிதல் நன்று. கொலை, கொள்ளை முதலியன அங்கு விசாரிக்கப்பெறா. வரப்புத் தகராறு, கடன் பத்திரம், பாகப் பிரிவினை, குத்தகை பாக்கி முதலிய வழக்குகளே அங்கு வரும். கேட்பதற்கு இவை சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் ஏழைக் குடியானவனுக்கு அரைக்காணி நிலமே உலகம். அவன் தலைமுறையின் வாழ்வும் தாழ்வும் அம்மேசையின்மேல் வைத்த ஒரு காகிதத்தில் அடங்கியிருக்கும். அம்மேசைக்குப் பின்னே இருப்பவன் கை நீட்டுவானாயின், அவ்வேழைக்கு வேறு போக்கிடம் இல்லை. மேல்நீதிமன்றம் சென்று முறையிட அவனுக்குப் பொருளும் இல்லை, அறிவுரைப்பாரும் இல்லை.

அக்காலத்து உத்தியோகஸ்தர் பலர் கைக்கூலியைக் குற்றமாகவே கருதினாரல்லர். வழக்கு நடக்கும்பொழுது வாழைத்தார் வரும். நெல் மூட்டை வரும். திருவிழாக் காலங்களிற் பட்டும் பணமும் வரும். அவற்றை மரியாதை என்ற பெயரால் வாங்கிக்கொள்வர். வாங்கியவன் மனம் கொடுத்தவன் பக்கம் சாய்வது, துலாக்கோலின் ஒரு தட்டிற் கல்லிட்டால் அத்தட்டுத் தாழ்வதுபோல இயல்பாக நிகழும். வேதநாயகர் அக்கல்லைத் தம் தட்டில் விழவிடவில்லை. நடுவுநிலைமை பிறழாத நீதிபதி என்னும் பெயர் அவர்க்கு வாய்த்தது. அப்பெயரைக் கொடுத்தவர் மேலதிகாரிகள் அல்லர். அவர் நீதிமன்றத்தின் வாயிலிற் காத்துக்கிடந்த மக்களே.

தாம் நடந்த வழியையே அவர் நூலாகவும் எழுதினார். 1859-ஆம் ஆண்டு வெளிவந்த நீதிநூலில், கடவுளின் பெருமை தொடங்கிப் பெற்றோர், மக்கள், கணவன், மனைவி, அரசன், குடிகள் முதலிய யாவர்க்கும் உரிய ஒழுக்கங்களை எளிய விருத்தங்களாற் பாடினார். அந்நூலிற் கைக்கூலிக்கென்று ஒரு தனி அதிகாரமே உண்டு. உத்தியோகத்தில் இருந்துகொண்டே உத்தியோகஸ்தரின் களவைப் பாடுதற்கு நெஞ்சுரம் வேண்டும். தம்மோடு ஒரே கச்சேரியில் இருந்தோர் மனம் புண்படுமே என்று அவர் தயங்கவில்லை. அந்நூலைக் கற்பார், நூலாசிரியர் எச்சமயத்தவரென்று எளிதில் அறியமாட்டார். அறத்தின் வேர் கடவுளே என்பதை மட்டும் ஐயமின்றி அறிவர். நம் வீட்டுப் பிள்ளைகட்கு ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றின்பின் கற்பிக்கத்தகுந்த நூல் அது என்பது தமிழாசிரியராகிய நம் துணிபு.

நீதி என்பது தீர்ப்புச் சொல்லுதல் மட்டுமன்று. தீர்ப்பு இன்னதென மக்கள் விளங்கிக்கொள்ளுமாறு செய்தலும் ஆகும். அக்காலத்துச் சட்டமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் இருந்தமையால், வாதியும் பிரதிவாதியும் தம் வழக்கில் நிகழ்வதைத் தாமே அறியமாட்டாது, பிறர் முகத்தைப் பார்த்து நிற்பர். இதனைக் கண்டு உளம் நொந்த வேதநாயகர், சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகளைத் தமிழிற் சுருக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். சட்டத்தைத் தமிழ்மக்கள் தம் மொழியிலேயே அறிய வழிசெய்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தமிழே வழங்கவேண்டுமென்று பிற்காலத்து எழுந்த முழக்கத்திற்கு வித்திட்டவரும் அவரே. இதனைத் தமிழ்ப்பற்று என்று மட்டும் சொல்லிவிடுதல் போதாது. எளியோனுக்கு அவன் மொழியிற் பேசுதலே அவனுக்குச் செய்யும் முதல் மரியாதை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பெண்கல்வியிலும் அவர் கருத்து அவ்வாறே சென்றது. பெண்கட்கு எழுத்தறிவு ஆகாதென்று பெரியோரே சொல்லிவந்த காலத்தில், பெண்மதி மாலை என்னும் பாடல் நூலையும், பெண்கல்வியின் இன்றியமையாமையை விளக்கும் உரைநடையையும் 1869-இல் வெளியிட்டார். ஆணுக்குத் தந்த அறிவையே பெண்ணுக்கும் இறைவன் தந்திருக்க, அதனைப் பூட்டிவைத்தல் இறைவன் கொடையை இகழ்தலாகும் என்பது அவர் எண்ணத்தின் சாரம்.

இனி, அவரோடு நட்புப் பூண்டவர் யாவரென நோக்குவோம். ஒருவனுடைய சமயம் பிறர்க்கு எவ்வாறு தோன்றிற்று என்பதை அறிய, அவன் சமயத்தாரைக் கேட்பதினும் பிற சமயத்தாரைக் கேட்பதே தக்கது. வேதநாயகர்க்கு அத்தகைய சாட்சிகள் மூவர் வாய்த்தனர். மூவரும் சைவத்தில் ஆழ்ந்த பெருமக்கள்.

முதலாமவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). தலபுராணங்கள் பலவும் பிள்ளைத்தமிழ், அந்தாதி முதலியன பலவும் பாடிக் குவித்த சைவப் பெரும்புலவர், திருவாவடுதுறை ஆதீன வித்துவான், உ. வே. சாமிநாதையரின் ஆசிரியர். வேதநாயகர் சீகாழியில் முனிசீபாயிருந்த காலத்து, 1860-ஆம் ஆண்டு, பிள்ளையவர்களின் சீகாழிக் கோவை அங்கு அரங்கேறிற்று. சிவபெருமானைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட அக்கோவையைக் கிறிஸ்தவராகிய வேதநாயகர் செய்யுள்களாற் பாராட்டினார். தமிழின்பமே அவர்களை ஒன்று சேர்த்தது. குணத்தின் நேர்மை அந்நட்பை நிலைக்கச் செய்தது.

அந்நட்பின் பயனாகத் தோன்றியதே குளத்துக் கோவை. கோவை என்பது அகப்பொருட்டுறைகளை நிரலே கோத்து, செய்யுள்தோறும் பாட்டுடைத் தலைவனொருவனின் பெருமையை அமைத்துப் பாடும் நூல். அத்தலைமை பெரும்பாலும் தெய்வத்திற்கும் அரசர்க்கும் வள்ளல்கட்குமே கிடைப்பது. அதனை ஒரு சைவப் பெரும்புலவர், குளத்தூரிற் பிறந்த ஒரு கிறிஸ்தவ நண்பர்க்குத் தந்தார். நெற்றியில் திருநீறு துலங்க, சிவநாமம் மறவாத நாவால் அவர் வேதநாயகரைப் பாடியபொழுது, அவருடைய சைவம் இம்மியும் குறைந்ததில்லை. வேதநாயகருடைய கிறிஸ்தவமும் குறைந்ததில்லை. மேன்மையை மேன்மையென ஒப்புதற்கு மதம் மாற வேண்டுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று உண்டோ?

இரண்டாமவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர். அவருடைய கல்வியையும் கொடையையும் கண்டு மகிழ்ந்த வேதநாயகர், அவர்மீது தமிழ்ச் செய்யுள்கள் பல பாடினார். சைவ மடாதிபதியைக் கிறிஸ்தவ நீதிபதி பாடுவதும், அதனை மடாதிபதி கேட்டு மகிழ்வதும் அந்நாளிற் புதுமையே. சாமிநாதையர் தம் சுயசரிதையில் இந்நட்பினை அன்போடு நினைவுகூர்ந்திருக்கின்றார். பிறரிடத்துள்ள நன்மையைக் காணும் கண் நமக்கில்லையாயின், நம்மிடத்துள்ள நன்மையைப் பிறர் காணவேண்டுமென்று கேட்க நமக்கு உரிமை ஏது? வேதநாயகர் முதலிற் பிறரைப் புகழ்ந்தார். பின்பே பிறராற் புகழப்பெற்றார்.

மூன்றாமவரைப் பற்றிக் கூறுமுன் தாதுவருஷப் பஞ்சத்தைப் பற்றிக் கூறவேண்டும். நம் கொங்குநாட்டாருக்கு அப்பெயரை விளக்க வேண்டுவதில்லை. சோற்றைக் கண்டு பறக்கின்றவனைத் தாதுவருஷப் பஞ்சத்தில் அடிபட்டவன் என்று சொல்லும் வழக்கு நம் வீடுகளில் வழங்கிவருவதாகும். 1876-இல் தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் பொய்த்தன. 1878 வரை நீண்ட அக்கொடும்பஞ்சம் கோயம்புத்தூர், சேலம், வடஆற்காடு, கடப்பை, கர்நூல், பல்லாரி முதலிய ஜில்லாக்களைச் சுட்டெரித்தது. இந்தியாவில் அரைக்கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பர்.

அப்பஞ்சத்திற் பட்டினிக்குக் காரணம் மழையின்மை மட்டுமன்று, விலையேற்றமும் ஆகும். தானியம் இருந்த இடத்திலும் ஏழை அதனை வாங்கமாட்டாதவனானான். புகைவண்டி வந்தமையால் தானியம் விரைந்து சென்றது. ஆயின் பசித்தவனிடம் செல்லாது, விலை கொடுப்பவனிடமே சென்றது. பஞ்சத்தில் மக்கள் மாண்டுகொண்டிருக்கையிலும் துறைமுகங்களினின்று தானியம் கப்பலேறிற்று. அரசாங்கத்தார் நிவாரண வேலைகளைத் தொடங்கினர் எனினும், 1877-இல் ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, நாள் முழுதும் உழைக்கும் ஆண்மகனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று கூலியைக் குறைத்தார். அக்கூலியில் உழைக்கும் உடல் நில்லாதென்று மருத்துவரே முறையிட்டனர்.

காவிரி பாயும் தஞ்சை ஜில்லாவில் விளைவு ஓரளவு இருந்தது. ஆதலின் வறண்ட நாடுகளினின்று மக்கள் கூட்டங் கூட்டமாய் அங்கு வந்தனர். விலையேறக் கண்ட சிலர் நெல்லைப் பூட்டி வைத்தனர். அந்நிலையில் வேதநாயகர் முனிசீப் பதவியினின்று ஓய்வு பெற்று மாயூரத்தில் வாழ்ந்துகொண்டிருந்தார். கைக்கூலி வாங்காதவனுடைய செல்வம் எவ்வளவினதாயிருக்குமென நேயர்களே ஊகிக்கலாம். அவர் தம் வாயிலைச் சாத்திக்கொள்ளவில்லை. தம் பொருளை எடுத்துச் செலவிட்டுப் பசித்து வந்தோர்க்கு உணவளித்தார். நேர்மையாற் குறைவாய்ச் சேர்த்த பொருளை அன்பினால் நிறைவாய்க் கொடுத்தார் என்பதே அவர் வாழ்வின் சுருக்கம்.

அக்காட்சியைக் கண்டவருள் ஒருவர் கோபாலகிருஷ்ண பாரதியார். நாம் கூறவந்த மூன்றாம் சாட்சி அவரே. மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த சிவபக்தர்; நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய இசைப்புலவர். அச்சரித்திரத்தை நேயர் அறிவர். சிதம்பர தரிசனத்திற்கு ஏங்கிய நந்தனாரை வயல்வேலை காட்டித் தடுத்த ஆண்டை, ஈற்றில் அவ்வடியாரின் பக்தியைக் கண்டு கண் திறக்கப்பெற்று அவர் காலில் வீழ்கின்றார். தான் இழிவாக எண்ணிய ஒருவனிடத்தே தெய்வம் விளங்குதலைக் காணும் மனிதனின் கதை அது. அதனைப் பாடிய பாரதியார், வேற்றுமதத்தினரென்று ஊரார் பிரித்தெண்ணக்கூடிய வேதநாயகரிடத்தில் அவ்வொளியையே கண்டார் போலும்! பஞ்சத்தில் அவர் செய்த அறத்தைக் கண்டு உருகி, அவர்மீது கீர்த்தனமொன்று பாடினார். தில்லைக்கூத்தனைப் பாடிய வாய் ஒரு கிறிஸ்தவரைப் பாடியது. அதற்காக வேதநாயகர் ஒரு சொல்லும் பிரசங்கித்ததாகத் தெரியவில்லை. அன்னமே அவர் செய்த பிரசங்கம்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழக்கூடும். எல்லார்க்கும் இனியவராயிருத்தற்பொருட்டு வேதநாயகர் தம் சமயத்தை மறைத்துக்கொண்டாரோ என்று கிறிஸ்தவ அன்பர் சிலர் கேட்கலாம். அவ்வாறன்று. தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை, திருவருள் அந்தாதி, சத்தியவேதக் கீர்த்தனை முதலிய நூல்களில் தம் நம்பிக்கையைத் தெள்ளத் தெளியப் பாடியிருக்கின்றார். தாம் கிறிஸ்தவர் என்பதில் அவர்க்கு நாணமும் இல்லை. அதனைப் பிறர்மீது சுமத்தும் வேட்கையும் இல்லை. ஆலயத்திற் பாடவேண்டியதை ஆலயத்திற் பாடினார். எல்லாரும் கூடிய அவையில், எல்லார்க்கும் உரிய இறைவனைப் பாடினார்.

அவ்வவைக்கென அவர் இயற்றியதே 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனை. சிவன் என்றோ திருமால் என்றோ கிறிஸ்து என்றோ பெயர் குறியாது, உலகனைத்தையும் படைத்துக் காக்கும் ஒருவனை நோக்கி அவர் பாடிய இசைப்பாடல்கள் அந்நூலில் அடங்கியுள்ளன. கர்நாடக இசையரங்குகளில் எச்சமயத்துப் பாடகரும் அவற்றைத் தயக்கமின்றிப் பாடிவருகின்றனர். பஞ்சம் தீரவேண்டி இறைவனிடம் கதறும் பாடல்களும் அவற்றுள் உண்டு. பசித்தவன் எச்சமயத்தவனென்று கேளாது சோறிட்டவர், அவன் பொருட்டு வேண்டும்பொழுதும் சமயப்பெயர் கூறாது வேண்டினார். செயலும் பாட்டும் ஒன்றற்கொன்று முரணாது நின்றன.

அவர் காலத்தவரான எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை (1827–1900) வேறொரு வழியிற் சென்றார். வைணவ வேளாளக் குடும்பத்திற் பிறந்து கிறிஸ்து சமயம் புக்க அவர், 1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தால் தம் ஆண்டவரை வெளிப்படையாகப் பாடித் தமிழுக்கு அணிசேர்த்தார். அவ்வழியும் நன்றே. ஒருவர் வாயால் அறிவித்தார். மற்றவர் பெரும்பாலும் கையால் அறிவித்தார். ஆயின் வாயால் அறிவிப்போனையும் உலகம் முதலில் அவன் கையைப் பார்த்தே நம்புகின்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வேதநாயகர் பெயரை இன்று பள்ளிச் சிறுவரும் அறிதற்குக் காரணம், 1879-இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம். தமிழில் எழுந்த முதல் நாவல் அதுவே. அதன் தலைவனும் தலைவியும் கிறிஸ்தவர் அல்லர். தொண்டைமண்டல முதலியார் மரபினர். தலைவியாகிய ஞானாம்பாள் ஆணுடை தரித்து ஒரு நாட்டையே ஆளநேரிட்டபொழுது, நீதியை நிலைநிறுத்துகின்றாள். தமிழர் வழக்கைத் தமிழ் நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் வாதிக்கும் வழக்கறிஞரை அந்நூல் நகைச்சுவையோடு இடித்துரைக்கின்றது. நகைச்சுவைக்கு நடுவே தெய்வபக்தியும் சத்தியமும் பெற்றோரைப் பேணுதலும் ஊடுபாவாக அமைந்துள்ளன. அதன்பின் 1887-இல் சுகுணசுந்தரி என்னும் மற்றொரு நாவலும் வெளிவந்தது. இரண்டிலும் நீதிநூலின் ஆசிரியரே கதைசொல்லியாக வந்து நிற்றலைக் காணலாம்.

ஓய்வுபெற்ற பின்பும் ஊர்ப்பணியினின்று அவர் ஒதுங்கவில்லை. மாயூரம் நகரசபையின் தலைவராயிருந்து தொண்டாற்றினார். 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் நாள் தம் அறுபத்திரண்டாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். முனிசீபாக இருந்தோர் அக்காலத்தில் எத்தனையோ பேர். அவர்களுள் பெரும்பாலார் பெயரை இன்று தேடினும் காணோம். மாயூரம் முனிசீப் என்றவுடன் மக்கள் நெஞ்சில் தோன்றுபவர் ஒருவரே.

அன்பர்களே, இனி நம் சங்கத்தில் எழுந்த வினாவிற்குத் திரும்புவோம். விளக்கை ஏற்றி மரக்காலால் மூடிவைத்தல் ஆகாது, தண்டின்மேல் வைத்தால் வீட்டிலுள்ளோர் யாவர்க்கும் ஒளி தரும் என்பது கிறிஸ்து பெருமான் தம் சீடர்க்கு உரைத்த போதனையின் கருத்து. நற்செயலைக் கண்டு மக்கள் இறைவனை வாழ்த்த வேண்டுமென்பதே அதன் நோக்கம். அப்போதனையில் ஒன்றை நாம் உற்று நோக்கவேண்டும். விளக்கு வீட்டிலுள்ளோரைத் தன்னைப் பார்க்கச் சொல்வதில்லை. அதன் ஒளியில் அவர்கள் தம் தாய் முகத்தையும், உண்ணும் சோற்றையும், நடக்கும் வழியையும் காண்கின்றனர். கண்டபின், இவ்வொளி எங்கிருந்து வந்ததென்று தாமே திரும்பிப் பார்க்கின்றனர். மாயூரத்தில் நிகழ்ந்ததும் அதுவே.

ஆதலின் அவ்விளைஞர்க்கு நாம் கூறுவது இது. தம்பி, நீர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி; அதனைக் கைவிட வேண்டா. உம்முடைய தராசு நேராயிருக்கட்டும். கடையில் இருப்பின் கலப்படம் செய்யாதீர். அலுவலகத்தில் இருப்பின் கைக்கூலியைத் தீண்டாதீர். உறவினர் வீட்டில் நோயெனின் முதலிற் சென்று நிற்பவர் நீராக இருப்பீராக. உம்முடைய தெய்வத்தின் பெயரை அவர்கள் கேட்கும் நாளொன்று தானே வரும். அன்று தயங்காது, பணிவோடு சொல்லுவீராக. கேளாதபொழுது சொன்ன நூறு சொல்லினும் கேட்டபொழுது சொன்ன ஒரு சொல் ஆழச் செல்லும். அந்நாள் வாராதே போயினும் வருந்தற்க. மீனாட்சிசுந்தரம் பிள்ளை கடைசிவரை சைவராகவே இருந்தார். பாரதியார் கடைசிவரை தில்லைக்கூத்தனையே பாடினார். அதனால் வேதநாயகர் தோற்றாரென்று எவரேனும் சொல்வரோ?

முதியவர்க்கும் நாம் பணிவோடு கூறுவது ஒன்றுண்டு. ஐயா, சங்கம் பிளவுபடலாகாதென்று நீங்கள் கவலுற்றது எங்கட்குத் தெரியும். வீடுதோறும் சண்டை மூட்டும் மதப்பேச்சை நாமும் விரும்புகிலேம். ஆயினும், தம் மகன் தான் மிகவும் நேசிப்பதைப் பற்றி வாய் திறக்கவே கூடாதென்றால், அவன் இவ்வீட்டில் விருந்தினனேயன்றி மகனாகான். தேசிகர் தம் மடத்தின் வாயிலை வேதநாயகர்க்கு அடைத்திருப்பாராயின், மடத்தின் தூய்மை பெருகியிராது, தமிழ்தான் சிறுத்திருக்கும். நம் இரத்தத்திற் பிறந்த பிள்ளை எவ்வாலயத்தில் தொழினும், அவன் வாய்மையில் நம் குலம் பெருமையடைகின்றதா என்பதே நாம் கேட்கத்தக்க கேள்வி.

நம் மதுக்கரை சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன ஊர். மலையிற் கிடக்கும்பொழுது கல் கல்லோடு சேராது. ஒன்றன்மீதொன்று கிடக்கும், அவ்வளவே. காளவாயில் வெந்து நீறி, நீரிற் குழைந்து, தன் உருவத்தை இழந்தபின்பே அது மற்றைக் கற்களை ஒன்றாய்ப் பிணைக்கும் சாந்தாகின்றது. கட்டி முடித்த சுவரில் யாவரும் கல்லைக் காண்பர். நடுவே நின்று தாங்கும் சுண்ணாம்பை எவரும் புகழார். வேதநாயகர் அத்தகையவர். தம் நலத்தை வேகவிட்டுப் பிறரைப் பிணைத்தார். நம் சங்கத்திற்கும் இக்காலத்தில் வேண்டுவது அத்தகைய சாந்தே.

அடுத்த கூட்டத்திற்கு அவ்விளைஞரை அழைத்துவரும் பொறுப்பை அம்முதியவரே ஏற்றுக்கொண்டு அவர் வீட்டு வாயில் வரை செல்வாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நாம் முற்றப்பெற்றவராவோம். இருவரும் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்டு, தத்தம் தெய்வத்தை மனமார வாழ்த்தி எழுவார்களாக. எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் நேர்மையும் ஈரமும் உள்ள நெஞ்சைத் தந்தருள்வானாக.